சாரல்ல வெந்த உடம்பு

1

நம்ம ஊர்க்காரங்க சங்க மலருக்கு குத்தாலச் சீசன் நினைவுகள்னு ஒரு கட்டுரை குவைத்துல இருந்து எழுதித் தாங்கன்னு கேட்டிருந்தீங்க. பாலைவனத்துல உக்காந்துக்கிட்டு சாரலு, குளுந்த காத்து, அருவிச் சத்தம்னு ஏங்கி ஏங்கி ரெண்டு பக்கம் எழுதுவான்னு நெனச்சிருப்பீங்க. அது என்கிட்ட இல்ல. என்கிட்ட இருக்கது வேற. போட்டா முழுசாப் போடுங்க, இல்லன்னா கிழிச்சுப் போடுங்க. நடுவுல வெட்டுத சோலி மட்டும் வேண்டாம்.

இங்கன தமிழ் மன்றத்துல ஒரு தமிழ் டைப்ரைட்டர் கெடக்கு. வெள்ளிக்கிழமை லீவன்னைக்கு மட்டும் தொட விடுவாங்க. லோயரு, ஹையரு ரெண்டும் தென்காசி இன்ஸ்டிட்யூட்டுல பாஸ் பண்ணுன கை, அதனால படபடன்னு அடிச்சுக்கிட்டே போறேன். பிழை இருந்தா நீங்களே திருத்திக்கிடுங்க. கோவத்தைத் திருத்தாதீங்க.

என்னைத் தெரியாதவங்களுக்காகச் சொல்லுதேன். பேரு இசக்கிமுத்து. தென்காசியில இருந்து குத்தாலம் போற ரோட்டு மேல எங்க அப்பா ஒரு சின்ன லாட்ஜ் வச்சிருக்காவ. கீழ ஆபீஸும் எங்க வீடும், மாடியில ரூமு, அதுக்கு மேல மொட்டை மாடி. நான் பி.காம். இப்ப குவைத்துல ஒரு கார்கோ கம்பெனியில டைப்பிஸ்ட்.

எனக்கு சொரியாசிஸ். ஆமா, அச்சுல வரட்டும்னுதான் சொல்லுதேன். தோலு திட்டுத் திட்டா செவந்து, அதுக்கு மேல வெள்ளையா செதிலு உதிரும். முழங்கை, முழங்காலு, முதுகு, தலைன்னு ஆரம்பிக்கும். முத்துனா உடம்பு பூரா. எனக்கு முத்துன கேஸு. தொத்து வியாதி கிடையாது. இன்னொரு தடவ அடிக்கேன், தொத்து வியாதி கிடையாது. குஷ்டம் கிடையாது. போன ஜென்மத்துப் பாவமும் கிடையாது.

2

இங்கன என் பொழப்பு எப்பிடி ஓடுதுன்னு சொல்லுதேன்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரி. காலையில ரொட்டியும் பருப்பும் வயிறு முட்டத் தின்னுட்டு மாத்திரையைப் போடணும். வெறும் வயித்துல போட்டா குமட்டிக்கிட்டு வந்துரும். போட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒரு பெட்டிக்குள்ள போய் நிக்கணும். பீரோ மாதிரி இருக்கும், ஆளு நிக்கிற ஒசரம். உள்ள சுத்தி வர டியூப் லைட்டு. இடுப்புல ஒரு துண்டுத் துணி, கண்ணுல ஒரு கருப்புக் கண்ணாடி, அவ்வளவுதான். கதவைச் சாத்துவாங்க. நீலமா ஒரு வெளிச்சம் எரியும். ஃபேன் இல்லாத சினிமாக் கொட்டகைக்குள்ள அடைச்ச மாதிரி வேர்த்து ஊத்தும். நர்ஸு வெளிய நின்னு நேரம் பாப்பாங்க. மொதல்ல கொஞ்ச நேரம்தான். தோலு தாங்குதான்னு பாத்துப் பாத்து பையக் கூட்டுவாங்க.

மாத்திரை தனியா ஒண்ணும் கிழிக்காது. லைட்டும் தனியாப் பெருசாக் கிழிக்காது. மாத்திரை ரத்தத்துல ஏறி, தோலை வெளிச்சத்துக்கு ரோஷப்பட வைக்கும். அந்த நேரத்துல அளவா லைட்டு பட்டா, வெறி பிடிச்சு வளருத தோலு அடங்கும். ரெண்டும் சேரணும், சரியான நேரத்துல சேரணும், அளவாச் சேரணும். இதுதான் வைத்தியம். இதைப் புரிஞ்சுக்கிட டாக்டருக்குப் படிக்கணும்னு ஒண்ணும் இல்ல.

பெட்டியை விட்டு வெளிய வந்தாலும் சோலி முடியாது. மாத்திரை போட்ட அன்னைக்கு இருட்டுத வரைக்கும் உடம்புல வெயிலு படக் கூடாது. குவைத்து வெயிலைப் பத்தி நான் சொல்லணுமா. முழுக்கைச் சட்டை, கழுத்துல துண்டு, கையில உறை, கண்ணுல கூலிங் கிளாஸுன்னு பஸ் ஸ்டாப்புல நிப்பேன். எங்க ரூமுல இருக்க காசிம் அண்ணன், கடையநல்லூர்க்காரரு, அந்தக் கோலத்துல என்னைப் பாத்துட்டு, "ஏ இசக்கி, பேங்குல கொள்ளையடிக்கப் போறியாலே, எனக்கும் ஒரு பங்கு வையி"ன்னாரு. இந்த நாட்டுல என்கிட்ட மொதல்ல சிரிச்சுப் பேசுனது அவருதான்.

மத்தவன் எவனும் சிரிக்கல. கம்பெனியில மந்தூபுன்னு ஒருத்தன் உண்டு. விசா, மெடிக்கலுன்னு கவர்மெண்ட் ஆபீஸ் வேலையெல்லாம் பாக்கிற ஆளு. நான் வந்த வருஷக் கடைசியில பேப்பர்ல கையெழுத்துப் போடப் போனேன். சட்டைக் கை ஏறி முழங்கை தெரிஞ்சு போச்சு. அவ்வளவுதான். மறுநாளு எல்லாருக்கும் கண்ணாடித் தம்ளர்ல டீ, எனக்கு மட்டும் பேப்பர் கப்பு. எங்க ஊர் டீக்கடையில யாருக்குத் தனித் தம்ளரு வச்சிருந்தாங்கன்னு எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதே கப்பு என் கைக்கு வந்தப்பதான் அது எப்பிடிச் சுடும்னு தெரிஞ்சுது. சொந்தமா வந்தாத்தான் புரியுதுன்னா நாம படிச்ச படிப்பு என்ன எழவு படிப்பு.

தொத்து வியாதி இல்லன்னு சீட்டு கொண்டா, இல்லன்னா பிளைட்டு ஏறுன்னுட்டான். சீட்டுக்கு அலைஞ்சேன் பாருங்க. ஒரு கவுண்டருல போனா அடுத்த கவுண்டரு. அங்க போனா கார்டு எங்கன்னு கேப்பான். கார்டைக் காட்டுனா முத்திரை எங்கன்னு கேப்பான். முத்திரை குத்துறவன் தொழுகைக்குப் போயிருப்பான். எனக்குத் தெரிஞ்ச அரபி பூரா லாரி டிரைவருங்ககிட்டக் கத்துக்கிட்டது. டாக்டர்கிட்ட அதை வச்சுப் பேசுனேன். முதுகைப் பாருங்கன்னு சொல்லுததுக்கு, சரக்கை இறக்குன்னு அதட்டிருக்கேன். நல்ல மனுசன், எகிப்துக்காரரு, பொறுத்துக்கிட்டாரு. முழங்கையை ஒரு நிமிஷம் பாத்தாரு, சொரியாசிஸுன்னு எழுதுனாரு, தொத்தாதுன்னு அடிக்கோடு போட்டாரு. பெறகு, இதுக்கு இங்க மாத்திரையும் மெஷினும் இருக்கே, நீ ஏன் இப்பிடிக் கெடக்கேன்னு கேட்டாரு.

அந்த மாத்திரை பேரை எழுதிக் காட்டுனாரு. ஏற்கனவே தின்ன மாத்திரை அது. எங்க ஊருல, சீசன்ல.

3

அப்ப நான் காலேஜ் கடைசி வருஷம். பெஞ்சுல நான் எந்திரிச்ச இடத்துல செதிலு கெடக்கும், பக்கத்துல இருக்கவன் நோட்டால ஊதி விடுவான். முடி வெட்ட சலூன்ல உக்கார விட மாட்டாங்க. பாளையங்கோட்டையில ஒரு தோல் டாக்டரைப் போய்ப் பாத்தோம். இந்த மாத்திரையத்தான் எழுதுனாரு. காலையில சாப்பிட்டுட்டுப் போடு, ரெண்டு மணி நேரம் கழிச்சு வெயில்ல நில்லு, கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டுன்னாரு. இந்தப் பெட்டியெல்லாம் அங்கன அப்பக் கிடையாது, நம்ம ஊரு சூரியன்தான் பெட்டி. வெளிய இன்னும் நூறு பேரு உக்காந்திருந்தாங்க. அடுத்த ஆளுன்னு மணியடிச்சுட்டாரு. வெயிலு இல்லாத அன்னைக்கு என்ன செய்யன்னு நாங்க கேக்கல, அவரும் சொல்லல.

நாங்க வீடு வந்து சேந்தன்னைக்கு சாரலு ஆரம்பிச்சுட்டு. உங்களுக்குத்தான் தெரியுமே, ஆனி ஆடியில குத்தாலத்துப் பக்கம் சூரியன் லீவு போட்டுட்டுப் போயிரும். மலை பூரா மேகம் மூடிக் கெடக்கும். வெயிலு வாரட்டும், பெறகு மாத்திரையை ஆரம்பிப்போம்னு நான் சொன்னேன்.

எங்க மாமா ஒருத்தர் உண்டு. அம்மா கூடப் பொறந்தவரு, லாட்ஜுல மேனேஜரு மாதிரி. எதைக் கேட்டாலும் தெரியாதுன்னு சொன்னதே கிடையாது. அவருதான் யோசனை சொன்னாரு. எல்லா மூலிகையும் கலந்து வார தண்ணி, அமெரிக்காக்காரன் வரைக்கும் இங்க வந்து குளிக்கான், கையில வெண்ணையை வச்சுக்கிட்டு வெயிலுக்கு அலைவானேன். மாத்திரையைப் போட்டுட்டு பேரருவியில நில்லு, மாத்திரை உள்ள இருந்து இழுக்கும், அருவி வெளிய இருந்து அடிக்கும், ரெண்டும் சேந்து வேலை பாக்கும்னாரு. வீட்டுல எல்லாருக்கும் அது பிடிச்சுப் போச்சு. சேந்து வேலை பாக்கும்ங்கிறது மட்டும் சரி. எது கூட எது சேரணும்ங்கிறதுதான் தப்பு.

இட்லியைத் தின்னேன், மாத்திரையைப் போட்டேன், போனோம். எண்ணெய் தேய்க்கிற ஆளுங்க உச்சி முதல் உள்ளங்கால் வரை மத்தவங்களுக்குத் தேய்க்காங்க, என்னைத் தொட மாட்டேன்னுட்டாங்க. மாமாவே தேய்ச்சு விட்டாரு. அருவிக்குள்ள போய் நின்னேன். பக்கத்துல நின்ன ஆளு என் முதுகைப் பாத்துட்டு விலகுனாரு. இன்னொருத்தர் பிள்ளையை இழுத்துக்கிட்டு வெளிய போனாரு. பெறகு ஒரு சத்தம், "வே, அந்தப் பயல வெளிய கூப்பிடும். அவன் மேல பட்ட தண்ணிலா எங்க மேல தெறிக்கி."

எல்லா வியாதியும் தீத்து வைக்கிற தண்ணிங்கான். வியாதிக்காரன் மட்டும் குளிக்கப்படாதுங்கான். இதை ஒரே வாயால சொல்லுதான். நம்ம ஊரு பெருமை இது. இதையும் மலர்ல போடுங்க.

மாமா சண்டை போடல. அவருக்கு லாட்ஜு முக்கியம், அங்க குளிக்கிறவன்ல பாதிப் பேரு நாளைக்கு ரூமு கேட்டு வருவான். கூட்டம் கொறையட்டும்னு என்னைத் தள்ளி ஒரு பாறை மேல உக்கார வச்சாரு. சட்டையப் போடாத, எண்ணெய் ஊறட்டும்னாரு. சீசன்ல பேரருவியில கூட்டம் என்னைக்குக் கொறைஞ்சிருக்கு? கோமணத்தோட, மேலெல்லாம் எண்ணெய் மினுங்க, காலைப் பொழுது பூரா அந்தப் பாறையில உக்காந்திருந்தேன். மத்தியானமும் ஆச்சு. பூஞ்சாரலு முகத்துல அடிக்கி. குளுருது. பல்லு தந்தி அடிக்கி. நெழலு கூட விழல, அவ்வளவு மேகம்.

மறுநாளு உடம்பு செவந்து எரிஞ்சுது. அதுக்கு அடுத்த நாளு கொப்புளம். கொப்புளம்னா முதுகு பூரா ஒரே கொப்புளம். மல்லாக்கப் படுக்க முடியல, குப்புறவும் படுக்க முடியல. வாழையெலையை விரிச்சு, அம்மா பக்கத்துல உக்காந்து விசிறிக்கிட்டே அழுதா. மேகம் போட்டு, சாரலு அடிச்சு, குளுந்து கெடந்த நாளுல ஒருத்தன் வெந்து போனான்னா என்ன சொல்லுவாங்க? மாத்திரைதான் வேக வச்சிட்டுன்னாங்க. இங்கிலீஷ் மருந்து சூடுன்னாங்க. அப்பா மிச்ச மாத்திரையைக் கொண்டு போய் சாக்கடையில கொட்டிட்டு வந்தாவ. திரும்ப அந்த டாக்டர்கிட்டப் போய் ஏன் இப்பிடி ஆச்சுன்னு கேக்கணும்னு எங்க வீட்டுல ஒருத்தருக்கும் தோணல. கேட்டிருந்தா ஒரே வார்த்தையில முடிஞ்சிருக்கும்.

4

அந்த ஒரு வார்த்தையைக் கேக்க நான் கடலு தாண்டி வர வேண்டியிருந்துச்சு.

பெட்டிக்கு வெளிய நின்னு நேரம் பாக்கிற நர்ஸுன்னேம்லா, மேரி சிஸ்டரு. புனலூர்க்காரங்க. செங்கோட்டை மலையைத் தாண்டுனா அவங்க ஊரு. நான் செங்கோட்டைச் சந்தையில பொறுக்குன மலையாளத்துல பேசுவேன், அவங்க தமிழ்நாட்டுப் பக்கம் பொறுக்குன தமிழ்ல பேசுவாங்க, எப்பிடியோ ஓடும். மொத நாளு நான் பெட்டிக்குள்ள போக மாட்டேன்னுட்டேன். ஏன்னு கேட்டாங்க. கதையைச் சொன்னேன்.

சிரிப்பாங்கன்னு பாத்தேன். சிரிக்கல. "மோனே, மேகம் சூட்டைத்தான் தடுக்கும். இந்த வெளிச்சத்தைத் தடுக்காது"ன்னாங்க. சூரியன்ல இருந்து வார வெளிச்சத்துல கண்ணுக்குத் தெரியாத ஒரு வகை உண்டாம். இந்தப் பெட்டியில எரியதும் அதுதானாம். மேகத்துக்குள்ளயும் நுழையும், ஜன்னல் கண்ணாடிக்குள்ளயும் நுழையும். நான் வெந்தது மாத்திரையால மட்டும் இல்ல. மாத்திரையும் போட்டுட்டு, அளவே இல்லாம வெளிச்சத்துல உக்காந்ததால. வெயிலா இருந்தா சுடுதுன்னு நானே எந்திரிச்சு ஓடிருப்பேன். சாரலு குளுர வச்சு என்னை அங்கயே உக்கார வச்சிட்டு.

அன்னைக்கு எனக்கு வந்த வெளம் இருக்கே, கோவம்னா அப்பிடிக் கோவம். பெட்டிக்குள்ள நின்னுக்கிட்டு பல்லைக் கடிக்கேன். மாமா மேல, மணியடிச்ச டாக்டரு மேல, தண்ணி தெறிக்குன்னு கத்துனவன் மேல. அந்தச் சத்தம் மட்டும் வரலன்னா நான் குளிச்சிட்டு அஞ்சு நிமிஷத்துல சட்டையப் போட்டிருப்பேன். அவ்வளவா வெந்திருக்க மாட்டேன்.

இப்ப முதுகு தெளிஞ்சுட்டு. கை தெளிஞ்சுட்டு. காலுல மட்டும் கொஞ்சம் கெடக்கு. நிரந்தரமாப் போயிரும்னு ஒருத்தரும் எனக்குச் சத்தியம் பண்ணல, திரும்ப வரும்னுதான் சொல்லுதாங்க. வரட்டும். என்ன செய்யணும்னு இப்பத் தெரியும். மந்தூப் இப்பக் கண்ணாடித் தம்ளர்ல டீ கொடுக்கச் சொல்லிட்டான். நான் வாங்குதது இல்ல.

5

போன மாசம் காசிம் அண்ணன் லீவு முடிஞ்சு வந்தாரு. எங்க வீட்டுல இருந்து ஒரு கேசட்டு கொண்டாந்தாரு. இங்க இருக்கவங்களுக்கெல்லாம் கடுதாசி எழுதுத பழக்கம் போச்சு, எல்லாம் டேப்புலதான் பேசி அனுப்புதாங்க. அண்ணன் வீட்டுக் கேசட்டுல அவரு மகன், வாப்பாகிட்டப் பேசுலேன்னு பின்னால இருந்து அவன் உம்மா சொல்லச் சொல்ல, இங்கிலீஷ் பாட்டு ஒண்ணை ஒப்பிச்சுட்டு, வாட்ச்சு வேணும்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு ஓடிட்டான். அண்ணன் அதையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேக்காரு.

எங்க வீட்டுக் கேசட்டுல எல்லாரும் பேசுனாங்க, தங்கச்சி செண்பகம் மட்டும் பேசல. எப்பவும் அவதான் மொதல்ல பேசுவா, அவ வாயை மூடத்தான் ஆளு வைக்கணும். அம்மா கடைசியில மெதுவாச் சொன்னா. உனக்கு வந்த மாதிரியே அவளுக்கும் வந்துருக்குய்யா. கையில, கழுத்துல, முதுகுல. காலேஜுல பிள்ளைக ஒரு மாதிரிப் பேசுதுகன்னு அப்பா நிறுத்திட்டாவ. சீசனுக்கு ஆளு வருதுல்லா, அதனால பின்னால ரூமுலயே இருக்கா. விடியுததுக்கு முன்ன மாமா அருவிக்குக் கூட்டிட்டுப் போறாரு. அதுலயே சரியாப் போயிரும். நீ ஒண்ணும் கவலைப்படாத.

பி.எஸ்ஸி. கடைசி வருஷம் அவ. எங்க வீட்டுல என்னை விட மண்டை உள்ள ஒரே ஆளு. பரீட்சை எழுத வேண்டிய வருஷத்துல நிறுத்திருக்காங்க.

டிரங்க் காலு புக் பண்ணி, எக்ஸ்சேஞ்சுல அரை நாளு காத்துக் கெடந்தேன். லாட்ஜு போனு. அப்பா எடுத்தாவ. நல்லாருக்கியாய்யான்னு கேட்டாவ. செண்பகத்தை ஏம்ப்பா காலேஜுக்கு அனுப்பலன்னு கத்துனேன். அந்த டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க, மாத்திரை வாங்குங்க, வெயில்ல அளவா நிக்கச் சொல்லுங்கன்னேன்.

அப்பா சொன்னாவ, "ஏல, உன் முதுகுல இருந்து ஒட்டுன வாழையெலையைப் பிச்சு எடுத்தது நான்லா. அந்த மாத்திரையை என் மகளுக்கு நான் எங்கையால கொடுக்கவா?"

அது வரைக்கும் அப்பா லாட்ஜுக்காகத்தான் இப்பிடி இருக்காவன்னு நெனச்சிருந்தேன். அவ்வோ பயந்து போய் இருக்காவ.

"எப்பா, மாத்திரை வேக வைக்கலப்பா. மேகத்துக்குள்ள வெயிலு இருந்துச்சு."

"மேகத்துக்குள்ள வெயிலா? அங்க போய் கோட்டி பிடிச்சுட்டாலே உனக்கு?"

அதுக்குள்ள நேரம் முடிஞ்சு லைன் போயிட்டு. பெத்த மகன் ஒரு டிகிரியை வச்சுக்கிட்டு, உடம்பெல்லாம் தெளிஞ்சு நின்னுக்கிட்டுச் சொல்லுதேன், நம்ப மாட்டேங்காவ. அருவி கொட்டுத தண்ணியை நம்புதாவ.

6

பதிலுக்கு நானும் கேசட்டு போட்டேன். மொதத் தடவ பேசுனதைக் காசிம் அண்ணன் கேட்டுட்டு, "இதைப் போட்டா உங்கம்மா அடுப்புல வச்சிருவாவ. கெட்ட வார்த்தையைக் கழிச்சுட்டுப் பேசு. கழிச்சா ஒண்ணும் மிஞ்சாது, அதையும் யோசிச்சுக்க"ன்னாரு. ரெண்டாவது தடவ கொஞ்சம் அடங்கிப் பேசுனேன். அப்பவும் எனக்கு நம்பிக்கை இல்ல. என் குரலைக் கேட்டாலே மாமா நிறுத்திருவாரு.

அப்பத்தான் ஒண்ணு தோணுச்சு. எங்க ஊருல தமிழ் டாக்டரை நம்ப மாட்டான், சொந்த மகனை நம்ப மாட்டான், ஆனா மலையைத் தாண்டி மலையாளத்துல இருந்து ஒரு ஆளு வந்து சொன்னா, எண்ணெயோ கஷாயமோ, கண்ணை மூடிக்கிட்டு நம்புவான். எங்க அப்பா பாதி வைத்தியம் புனலூர்ப் பக்கம் போய்ப் பாத்தவரு. டேப்பைத் தூக்கிக்கிட்டு மேரி சிஸ்டர்கிட்டப் போனேன். டூட்டி முடிஞ்சு உக்காந்து, சுத்த மலையாளத்துல பேசித் தந்தாங்க. நான் எத்தனையோ வருஷமா இதுல நிக்கேன், உங்க மகன் வெந்தது இதனால, மேகம் இந்த வெளிச்சத்தைத் தடுக்காது, மாத்திரை போட்ட அன்னைக்கு அளவு நேரம் போக மிச்ச நேரம் மூடியே இருக்கணும், கண்ணுக்குக் கருப்புக் கண்ணாடி வேணும், டாக்டர்கிட்டப் போகாம யாரும் எடுத்துப் போடக் கூடாது, கொண்டு போய்க் காட்டுங்க, பயப்படாதீங்கன்னு. நான் கத்துனதுல பாதி நேரம் கூட ஆகல.

கேசட்டு போச்சு. அங்கன இருந்து ஒரு சத்தமும் இல்ல. எனக்கு இங்க மாத்திரையும் பெட்டியும் நேரத்துக்கு ஓடுது. ஒவ்வொரு தடவ கதவைச் சாத்தும்போதும், பின்னால ரூமுல செண்பகத்தை வச்சுச் சாத்துன கதவுதான் ஞாபகம் வருது. இன்னொரு காலு புக் பண்ணுனேன். போனவாரம்தான் லைன் கிடைச்சுது. இந்தத் தடவ எடுத்தது செண்பகம்.

மொதல்ல என்னைத் திட்டுனா. கேசட்டுல என்ன பேச்சு பேசுதே, ஆபீஸ்ல வச்சுப் போட்டுட்டேன், சிவகிரியில இருந்து ரூமுக்கு வந்த குடும்பம் பூராக் கேட்டுட்டுன்னா. பெறகு சொன்னா. அப்பா உன் பேச்சு ஓடயில எந்திரிச்சு வெளிய போயிட்டாவ. அந்த மலையாளத்து அம்மா பேச ஆரம்பிச்சதும் திரும்பி வந்தாவ. நின்னுக்கிட்டே கேட்டாவ. முடிஞ்சதும், மறுபடி மொதல்ல இருந்து ஓட்டுன்னாவ. திரும்பவும் போட்டேன். மறுநாளு அம்மா என்னைப் பாளையங்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போனா. அப்பா போகாதன்னு சொல்லல, அவ்வளவுதான்.

டாக்டரு மாத்திரை கொடுத்துட்டாராம். எட்டு மணிக்குத் தின்னுட்டுப் போட்டுட்டு, பத்து மணிக்கு மொட்டை மாடியில நிக்கணும். கை, காலு, கழுத்து, முதுகு எல்லாத்துலயும் படணும். இதுலதான் பிரச்சனை. நம்ம ஊருல ஒரு பொம்பளப் பிள்ளை பட்டப்பகல்ல எப்பிடி நிப்பா? இவ என்ன பண்ணிருக்கான்னா, என் பழைய பனியனையும் காக்கி டவுசரையும் எடுத்து மாட்டிக்கிட்டு, கூலிங் கிளாஸைப் போட்டுக்கிட்டு ஏறிட்டா. மாமா கத்துனாராம், "ஏட்டி, எறங்கு. சீசன் நேரத்துல லாட்ஜு பேரைக் கெடுக்காத."

"மாமா, லாட்ஜுக்குத்தான் பேரு இருக்கு. எனக்குத் தோலு இருக்கு"ன்னு சொன்னாளாம். சிவகிரிக் குடும்பம் மத்தியானமே ரூமைக் காலி பண்ணிட்டாம். போகட்டும். போற வழியில அருவியில குளிச்சுட்டுப் போகட்டும்.

அடுத்த தடவ அவ மேல ஏறுனா, அப்பா அவளுக்கு முன்ன ஏறி நிக்காவ. லாட்ஜு பெட்ஷீட்டையெல்லாம் எடுத்து கொடிக்கயித்துல நாலு பக்கமும் கட்டி வச்சிருக்காவ. ஒரு கண்ணு உள்ள பாக்க முடியாது. நடுவுல போய் நில்லும்மான்னாவ. இவ போய் நின்னுட்டு, "எப்பா, நீங்க கட்டுன கட்டுல காத்து கூட வராது. வெயிலு எங்கிட்டுப்பா வரும்?"னு கேட்டிருக்கா.

அப்பா கிழக்காமப் பாத்தாவளாம். கிழக்கதான் ரோடு. தென்காசியில இருந்து வார பஸ்ஸு, காரு, சீசன் கூட்டம் பூரா அந்தப் பக்கமாத்தான் போகும், மாடியில நிக்கிறது அத்தனை பேருக்கும் தெரியும். ரொம்ப நேரம் கயித்தைப் பிடிச்சுக்கிட்டே நின்னாவளாம். பெறகு ரோட்டுப் பக்கத்துப் பெட்ஷீட்டை அப்பாவே அவுத்து, மடிச்சு, கக்கத்துல வச்சுக்கிட்டுக் கீழ எறங்கிப் போயிட்டாவளாம்.

பரீட்சை எழுதப் போறியான்னு கேட்டேன். அப்பாட்ட இன்னும் கேக்கல, கேப்பேன்னா.

எனக்குச் சந்தோஷப்படத் தெரியல. கோவம்தான் வந்துச்சு. மூணு பக்கம் இன்னும் மூடித்தான கெடக்கு, யாருக்குப் பயந்து இந்த மூடாக்கு, நாலு பக்கத்தையும் அவுக்கச் சொல்லு, முதுகுல எப்பிடிப் படும், உனக்கு மட்டும் ஏன் ஒரு பக்கம்னு போனுல கத்துனேன். பின்னால லைனுல நிக்கிறவன் எல்லாம் திரும்பிப் பாக்கான்.

அவ நான் முடிக்கட்டும்னு இருந்தா. பெறகு, பஸ்ஸுல இடம் விடுங்கன்னு சொல்லுத மாதிரி, சாதாரணமாச் சொன்னா.

"ஒரு பக்கம் போதும்ணே. நான் திரும்பித் திரும்பி நின்னுக்கிடுவேன்."